உள்வாசல் இல்லாத வீடு

மைமூன் கண்ணுக்கு அம்மாவின் சலாமும் துஆவும்.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். வெறுங்கையோடு வந்து சேர்ந்தேன் என்று உன் அத்தா சொல்கிறார். பொன்மலைச் சந்தையில் வாங்கிய புதுக் கூடையும், அந்தக் கூடைக்குள் உன் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் திணித்துவிட்ட முருங்கைக்காயும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. உன்னைக் கையோடு அழைத்து வரப் போனவள், நீ இல்லாமல் வந்து இறங்கினால் அவருக்கு அது வெறுங்கைதான். இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைத்து வாசிக்க வேண்டாம். செல்லம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உரக்கவே வாசி. மாப்பிள்ளை ரயில் பட்டறையிலிருந்து வந்து பசியாறிய பிறகு அவருக்கும் வாசித்துக் காட்டு. அவருக்கே தெரியாத அவர் சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. எழுத்துப் பிழை கண்டால் சிரிக்காதே. நீ இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தபோது, எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நான் தலைகீழாகக் கற்றுக்கொண்ட எழுத்து இது. இப்போது நேராக எழுதுகிறேனே, அதுவே பெரிது.

நான் திடீரென்று துணிமூட்டையும் கையுமாக உன் வாசலில் வந்து நின்றபோது, "என்னம்மா, சொல்லாம கொள்ளாம?" என்று கேட்டாய். "சும்மாத்தான் புள்ள, உன்னைப் பார்க்கணும் போல இருந்துச்சு" என்றேன். சும்மா இல்லை. முந்தின நாள் காலையில் நம் வீட்டு முற்றத்தில் வளையல்காரி கடை விரித்திருந்தாள். உன் குப்பி, அத்தாவின் அக்கா, பக்கத்து வீட்டிலிருந்து வந்து கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளையல்காரி சோப்பு போட்டு ஒரு பச்சை வளையலை ஏற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, "உங்க மைமூனைப் பொன்மலையில பார்த்தேம்மா. பார்க்குல பெஞ்சு மேல உக்காந்து கடலை தின்னுக்கிட்டு இருந்துச்சு. முகமெல்லாம் நல்லா தெளிஞ்சிருக்கு" என்றாள். குப்பி கையை வெடுக்கென்று இழுத்ததில் வளையல் உடைந்தது.

"பார்க்குலயா?" என்றார் குப்பி.

"ஆமாம்மா."

"பெஞ்சு மேலயா?"

"பின்ன, புள்ளத்தாச்சிப் பொண்ணு தரையிலயா உக்காரும்?"

உன் சின்ன மாமு யாரிடமும் சொல்லாமல் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியது தெரிய வந்த அன்றுகூட நம் முற்றத்தில் இப்படி ஓர் அமைதி விழுந்ததில்லை. மத்தியானம் உன் அத்தா ஜவுளிக் கடையிலிருந்து சாப்பிட வந்தார். அவர் கை கழுவுவதற்குள் குப்பி சொல்லி முடித்துவிட்டார். அவர் சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. "கடலை திங்கணும்னா வீட்டுக்கு வாங்கிட்டு வரச் சொன்னா ஆகாதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழாம் மாசம் அழைக்கிறதை இப்பவே போய் அழைச்சிட்டு வந்துரு. வந்தவ இங்கேயே இருக்கட்டும். மாடியில ஒரு ரூம்பு எடுத்துத் தரேன். மாப்பிள்ளை இங்கேருந்து ஜங்ஷன் போய் ரயிலேறி வேலைக்குப் போகட்டும். அந்தக் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் குடுத்துரச் சொல்லு" என்றார். எனக்கு இது முதல் அதிர்ச்சியைவிடப் பெரிது. நீங்கள் இரண்டு பேரும் அடுப்பு வைத்து, கொடி கட்டி, ஆளுக்கொரு ஆணி அடித்து உண்டாக்கிய வீட்டை ஒரு பிடி கடலைக்காகக் கலைப்பதா? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பயம்தான். பார்க்கு என்றால் என்னவென்று நான் கண்டேனா? துரைமார் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இடம் என்று குப்பி சொன்னார். அவரும் கண்டதில்லை.

நான் எப்படிப்பட்ட வீட்டில் இருப்பவள் என்று செல்லம்மாளுக்குச் சொல், அப்போதுதான் மற்றதெல்லாம் அவளுக்கு விளங்கும். நம் தெருவில் வீட்டுக்கு வீடு உள்வாசல் உண்டு. அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னக் கதவு. அதைத் தள்ளினால் அடுத்த வீட்டு முற்றம். அந்த முற்றத்தைத் தாண்டினால் இன்னொரு கதவு. தெருக்கோடி வீட்டில் நுழைந்த பெண் மறுகோடி வரைக்கும் தெருவையே பார்க்காமல் போய்விடலாம். அந்தக் கதவுகளுக்குப் பகலில் தாழ்ப்பாள் கிடையாது. ஆண்கள் அந்தப் பக்கம் வந்தால் தொண்டையைச் செருமிவிட்டு வருவார்கள். செருமாமல் வந்த உன் அத்தாவை, கல்யாணமான புதிதில், எவனோ என்று நினைத்து மாவுக் கையாலேயே ஓர் அறை விட்டிருக்கிறேன். அவர் இத்தனை வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன். நீ பிறந்த அன்றைக்கு எனக்கு வலி எடுத்து ஒரு குரல் கொடுத்தேன். எல்லாக் கதவும் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்து தெருவே உள்ளே வந்துவிட்டது. மருத்துவச்சிதான் கடைசியாக வந்தாள். அவள் பாவம், தெரு வழியாக வந்தவள்.

அப்படி இருந்தவளை, நம் கடைப் பெரியவர் திரை கட்டிய ஜட்காவில் ஏற்றி, ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார வைத்து, பொன்மலை ஸ்டேஷனில் இறக்கினார். இன்னும் எவ்வளவு தூரம் வண்டியில் போக வேண்டும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டி, "அந்தா தெரியுது பாருங்க" என்றார். ரயிலுக்கும் உன் படுக்கைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான் நிற்கிறது. இந்தப் பக்கம் திரும்பினால் மளிகைக் கடை, அந்தப் பக்கம் சந்தை, வளைவு திரும்பினால் பார்க்கு. நம் ஊரில் ஒவ்வொன்றையும் நாலு தெரு மறைத்துக்கொண்டிருக்கும். உன் ஊர் துப்பட்டி போடாத ஊர். வீடுகளோ ஒரே அச்சில் சுட்ட அதிரசம் மாதிரி, எது யாருடையது என்று சொல்ல முடியாது. செல்லம்மாள் ஏகாதசிக்கு ஏகாதசி ரயிலேறி ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்கத் திரும்பிவிடுகிறாளாம். நான் காவிரியைத் தாண்டியது கல்யாணமான வருடத்தில். அதுவும் திரைக்குள்ளிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டதோடு சரி.

மறுநாள் காலையில் நீ தலையோடு கால் துப்பட்டியைப் போர்த்தி, பையை எடுத்துக்கொண்டு, "வாங்கம்மா, சந்தைக்குப் போயிட்டு வருவோம்" என்றாய். காய்கறி வாங்க ஆம்பளை இல்லையா என்று நான் கேட்டதற்கு, அவர் வாங்கினால் முற்றல் கத்தரிக்காயாகப் பார்த்து வாங்குவார் என்றாய். அங்கே கீரைக்காரியிடம் நீ பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏங்க்கா, நேத்து குடுத்த கட்டுல பாதி தண்டுதான் இருந்துச்சு."

"தண்டு புள்ளத்தாச்சிக்கு நல்லதும்மா."

"அப்ப இலையை யாருக்கு வச்சிருக்கீங்க?"

இது என் மகள்தானா என்று துப்பட்டிக்குள் எட்டிப் பார்க்கலாமா என்றிருந்தது. குப்பி இருக்கிற இடத்தில் உனக்குக் குரலே வராதே. தண்ணீர் வேண்டும் என்றால்கூட என் காதில் வந்துதானே சொல்வாய். இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாய்? ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் உன்னைவிட மூத்தவள். கேலி செய், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கடைசியில் சிரித்துவிட்டு வா. சிரிக்காமல் வந்தால் மறுநாள் உண்மையிலேயே தண்டுதான் கிடைக்கும்.

அன்று சாயங்காலம்தான் வந்த காரியத்தை எடுத்தேன். பார்க்கைப் பற்றிக் கேட்டேன். "மருத்துவச்சியம்மா தினம் கொஞ்சம் நடக்கச் சொன்னாங்கம்மா. செல்லம்மாக்கா கூட வராங்க. கால் வலிச்சா உக்காருவோம்" என்றாய். "கடலை?" என்றேன். "உக்காந்தா வாய் சும்மா இருக்குமா?" என்றாய். பேச்சை மாற்றி அத்தா சொன்னதைச் சொன்னேன்: மூட்டையைக் கட்டு, குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல், இனி எல்லோரும் நம் வீட்டிலேயே. நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. கொடியில் காய்ந்த மாப்பிள்ளையின் சட்டையை எடுத்து மடித்தாய். உதறிப் பிரித்தாய். மறுபடியும் மடித்தாய். "அத்தா சொன்னா சரிம்மா" என்றாய். கீரைக்காரியிடம் பேசிய அந்தக் குரல் அதற்குள் எங்கோ போய்விட்டது.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் நீ மளிகைக் கடைக்குப் போனாய். நான் தனியாக இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம்மாள் அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. மிளகாயும் சோம்பும் மணத்தன. மீன் ஆணத்துக்கு அரைக்கிறாளா, கறிக்கா என்று கேட்டுவிட்டு வரலாமே என்று எழுந்தேன். கொல்லையில் ஒரு சின்னக் கதவு கண்ணில் பட்டது. அடடா, இங்கேயும் உள்வாசல் வைத்திருக்கிறார்களே, இந்தப் பெண் சொல்லவே இல்லையே என்று சந்தோஷப்பட்டு, கொக்கியைத் தூக்கி, "செல்லம்மா, என்ன அரைக்கிறே?" என்று கேட்டுக்கொண்டே காலை எடுத்து வைத்தேன். செல்லம்மாள் இல்லை, அம்மி இல்லை. அது துப்புரவு ஆட்கள் வந்து போகிற பின்சந்து. ஓர் ஆடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. நான் திரும்புவதற்குள் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. உள்ளே கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. துப்பட்டி உள்ளே. நான் வெளியே.

தட்டினேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், திறப்பதற்கு? செல்லம்மாளைக் கூப்பிடலாம் என்றால், துப்பட்டி இல்லாமல் சந்தில் நின்று குரல் கொடுப்பதா? சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்விடலாம் என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன். சந்து போய் முட்டிய இடம் பெரிய ரோடு. நான் ரோட்டில் கால் வைக்கவும் பட்டறைச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. அந்தச் சத்தம் நீங்கள் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனது. எனக்கு உலகம் முடிகிற கியாமத் நாளே வந்துவிட்டது என்று தோன்றியது. அடுத்து சைக்கிள். ஒன்று, பத்து, நூறு என்று எண்ண முடியாது, ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிற மாதிரி ரோடு முழுக்கச் சைக்கிள், அத்தனையிலும் ஆம்பளை. என் வாழ்நாளில் நான் பார்த்த ஆம்பளைகளை எல்லாம் கூட்டினாலும் அதில் பாதி வராது. நான் நடு ரோட்டில் நட்ட கம்பம் மாதிரி நின்றேன்.

மைமூன், யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி. எல்லோரும் வீட்டுக்குப் போகிற அவசரம். கையிலே சாப்பாட்டுத் தூக்கு, முகத்திலே எண்ணெய்க் கறுப்பு, கண்ணிலே தூக்கம். ஒருத்தர் மட்டும் மணியை அடித்து, "ஓரமா நில்லுங்கம்மா, இடிச்சிரப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை வருடம் இத்தனை கவனமாக மறைத்து வைத்ததை ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்காவிட்டால் எப்படி? ஓரமாக ஒதுங்கி நடந்து, கண்ணில் பட்ட ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் பூச்செடி, புல். நாயும் இல்லை, துரையும் இல்லை. கடலை விற்கிற அம்மாள் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மயக்கமாம்மா? முதல்ல இதைத் தின்னுங்க, தெம்பு வரும்" என்று ஒரு கை அள்ளி என் முந்தானையில் போட்டாள். நாலு கடலை வாயில் போட்ட பிறகுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரில் கூடையோடு நிற்கிறாள் வளையல்காரி.

"அம்மா, நீங்களுமா?" என்றாள்.

யாரிடமும் சொல்லாதே என்று அவளைக் கெஞ்சினேன். "நான் ஏம்மா சொல்லப் போறேன்" என்றாள். அந்தப் பதிலிலேயே சொல்லிவிடுவாள் என்று தெரிந்துபோயிற்று. அப்புறம் நீ வந்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முகம் வெளுத்துப்போய் வந்தாய். "அம்மா, ஊரெல்லாம் தேடுறோம், நீங்க இங்க கடலை தின்னுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் மேலே பேச முடியாமல் சிரித்தாய், சிரித்துக்கொண்டே அழுதாய். உன் துப்பட்டியில் பாதியை எடுத்து என் மேல் போர்த்தினாய். ஒரு துப்பட்டிக்குள் இரண்டு பேரும், உள்ளே இருக்கிற பிள்ளையோடு மூன்று பேருமாக, தடுக்கித் தடுக்கி வீடு வந்து சேர்ந்தோம்.

வந்ததும் நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. அம்மிக் குழவியை எடுத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினாய். ஸ்டேஷன் பக்கம் தேடிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த செல்லம்மாள், முன்வாசல் வழியாக ஓடி வந்து, "கிடைச்சிட்டாங்களா?" என்றாள். அப்போதுதான் அந்தச் சுவரைப் பார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"ஒரு தட்டுன்னா சும்மா வான்னு அர்த்தம்மா" என்றாள் செல்லம்மாள். "விடாம தட்டுனா ஓடி வான்னு அர்த்தம். போன மாசம் இவளுக்குத் தலை சுத்துனப்ப விடாம தட்டுனா. நான் அடுப்புல இருந்த பாலை அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன். பால் பூராவும் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. அந்தப் பாலை இன்னும் இவகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தலை சுத்துச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன். நீ செல்லம்மாளை முறைத்தாய். அன்று ராத்திரி மாப்பிள்ளை சாப்பிடும்போது, எப்போதும்போல் கதவுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்த என்னிடம், "இன்னைக்கு சங்கு ஊதுற நேரத்துக்கு யாரோ ஒரு அம்மா நடு ரோட்டுல நின்னாங்க மாமி. பாவம், ஊருக்குப் புதுசு போல. ஓரமா நில்லுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். நீ ஆணத்தை ஊற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மாப்பிள்ளை, கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த அம்மா நான்தான். நல்ல புத்தி சொன்னீர்கள், அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஆனால் மாமியார் குரல் தெரிகிறது, உருவம் தெரியவில்லை என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நீ மூட்டை கட்டத் தயாராகத்தான் இருந்தாய். நான்தான் வேண்டாம் என்றேன். "அத்தாகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாய். பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ரயிலில் வருகிற வழியெல்லாம் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் உன் அத்தா முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார், குப்பி உள்வாசலில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அத்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்க்கு எப்படி இருந்துச்சு?" என்றார். வளையல்காரி எனக்கு முந்தின ரயிலைப் பிடித்திருக்கிறாள்.

இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஆட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அத்தா கோபப்படுவார் என்று பார்த்தேன், அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குக் கடலை பெருசா, பார்க்கு பெருசா? அங்க அவ ஒரு குரல் குடுத்தா யாருக்குக் கேக்கும்? இங்கன்னா எல்லாரும் கதவைத் தள்ளிக்கிட்டு வந்துருவீங்க. நீ அவளைப் பெத்தப்போ நான் வெளியில நின்னுக்கிட்டு இருந்தேன், ஒவ்வொரு கதவா திறக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துலதான் எனக்கு உசுரு வந்துச்சு. அங்க வெறும் சுவருதானே" என்றார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். பிறகு, சுண்ணாம்பு உதிர்ந்த அந்த இடத்தைப் பற்றிச் சொன்னேன். செல்லம்மாள் விட்டுவிட்டு ஓடி வந்த பாலைப் பற்றியும் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். அப்புறம், "பால் பூராவும் பொங்கிருச்சாமா?" என்றார்.

"பூராவும்."

"அந்தம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. கடையிலிருந்து ஒரு சேலை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாராம். சுவரையும் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சு அதோடு போயிற்று. ஆகவே செல்லம்மா, நிறத்தை மைமூனிடம் சொல்லி உடனே எழுதச் சொல். அவர் இஷ்டத்துக்கு விட்டால் நாவல்பழ நிறத்தில்தான் எடுப்பார். மைமூன், ஏழாம் மாதம் முறைப்படி உன்னை அழைத்து வருவோம், பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்ததும் இன்ஷா அல்லாஹ் நானே கொண்டுவந்து விடுவேன். அதுவரைக்கும் நட. துப்பட்டியை நன்றாகப் போர்த்திக்கொண்டு நட, அந்தி சாய்ந்து மக்ரிபு ஆவதற்கு முன்னால் வீடு திரும்பு, சங்கு ஊதுகிற நேரத்தில் ரோட்டில் நிற்காதே. அதன் கஷ்டம் எனக்குத் தெரியும். தலை சுற்றினால் எனக்கு எழுது. ஆனால் முதலில் சுவரைத் தட்டு. அத்தா வரும்போது பின்கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டு வை, அவரும் என்ன அரைக்கிறீர்கள் என்று கேட்கப் போய்விடுவார்.

இன்று காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது குப்பியிடம் ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. உள்வாசல் திறந்துதான் கிடந்தது. நான் குழவியை எடுத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினேன். குப்பி பதறிக்கொண்டு எட்டிப் பார்த்து, "கதவு திறந்துதானே இருக்கு, ஏன் புள்ள சுவரை இடிக்கிறே?" என்றார்.

"பழகிக்கிறேன் அக்கா" என்றேன்.

உன் வீட்டுப் பெஞ்சுக்காரி,
அம்மா.